பாஷோவின் சமாதியில் ஒரு மாலை

கியோட்டோவில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஸெஸே ஸ்டேஷன். அங்கிருந்து கொஞ்ச தூர நடை. பழைய தோக்கைதோ சாலையில், வீடுகளுக்கு நடுவே இன்னொரு வீடு போல அடக்கமாக இருக்கிறது கிச்சூஜி கோயில். ஒரு காலத்தில் பிவா ஏரி வாசல் வரை இருந்திருக்கிறது. கரையைத் தூர்த்த பிறகு தண்ணீர் தள்ளிப்போய்விட்டது.

ஹைக்கூ மகாகவி மட்சுவோ பாஷோ அடங்கிய இடம் இது. முற்றத்தில் வாழை நிற்கிறது. ‘பாஷோ’ என்றால் வாழை. எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக் குடிசையில் சீடர் ஒருவர் கொண்டுவந்து நட்ட வாழையால்தான் அவருக்கு அந்தப் பெயரே அமைந்தது.

சமாதி என்றால் மண்டபமோ விமானமோ இல்லை. முக்கோணமாக, உளி அதிகம் படாத ஒரு கல். அதில் அவர் பெயர். அவ்வளவுதான். இடுப்பளவு உயரம்கூட இருக்குமா தெரியவில்லை, ஆனால் அதன் முன் நின்றதும் கைகள் தாமாகக் குவிந்தன.

பக்கத்தில் கிசோ யோஷினாகாவின் சமாதி. 1184ல் இந்தப் பகுதியில் நடந்த போரில் தோற்று மாண்ட தளபதி. அவனுடைய துணைவி தோமோயே துறவியாகி இங்கே குடிலமைத்து, அவன் சமாதியைப் பேணி வந்தாள் என்பது தலவரலாறு. வென்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, தோற்றுப்போன இந்த வீரனின் அருகில் தன்னை அடக்கம் செய்யச் சொன்னார் பாஷோ. அவர் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

1689ல் சீடர் ஸோராவுடன் ஜப்பானின் வடபகுதிக்குக் கிளம்பி, பெரும்பாலும் நடந்தே மாதக்கணக்கில் சுற்றியவர். 1694ல், ஒசாகாவில் நோயில் படுத்தபோது, நள்ளிரவில் சீடரை எழுப்பி மை அரைக்கச் சொல்லி இதை எழுத வைத்தார்:

பயணத்தில் நோய்.
காய்ந்த புல்வெளியெங்கும்
என் கனவு ஓடித் திரிகிறது.

சாகும் நேரத்திலும் கவிதையை நினைப்பது பற்று அல்லவா, புத்தர் விடச் சொன்னது இதைத்தானே என்று அவரே வருந்தினாராம். எனக்கு அது பற்றாகப் படவில்லை. நாமம் சொல்லியே பழகிய நாக்கு கடைசி மூச்சிலும் அதைத்தானே சொல்லும்? ஐம்பதே வயது. உடலை இரவோடு இரவாக யோதோ ஆற்றில் படகில் ஏற்றி, சீடர்கள் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அந்தக் கவிதையைப் பொறித்த கல்லும் வளாகத்தில் இருக்கிறது. அப்புறம் ஒகினாதோ மண்டபம்: உள்ளே பாஷோவின் உருவம், மேலே கூரைக் கட்டங்களில் ஓவியர் இதோ ஜகுச்சூவின் பூக்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வருஷா வருஷம் நவம்பரில் அவருக்கு இங்கே நினைவு வழிபாடு நடக்கிறது. போகிறவர்கள் அந்தச் சமயமாகப் பார்த்துப் போங்கள்.