ஐசி 443-இன் நிறமாலையில் ஒரு சரிவைத் தேடியபோது

ஆய்வு மாணவனாக எனக்குக் கிடைத்த முதல் வேலை, 2013-இல் ஃபெர்மி காமாக் கதிர் விண்தொலைநோக்கிக் குழு ஐசி 443, டபிள்யூ 44 என்னும் இரு சூப்பர்நோவா எச்சங்களில் (வெடித்த விண்மீன்களின் மிச்சங்களில்) கண்டதாக அறிவித்த நிறமாலைச் சரிவை, அதாவது தாழ்ந்த ஆற்றல்களில் காமா ஒளி செங்குத்தாகக் குறைவதை, பொதுவில் கிடைக்கும் தரவைக் கொண்டு நானே மீண்டும் எடுத்துப் பார்ப்பது. விண்வெளியிலிருந்து மிகு வேகத்தில் வரும் அண்டக் கதிர்ப் புரோட்டான்கள் காந்தப்புலத்தில் திசை மாறி வருவதால் அவை பிறந்த இடத்தைக் காட்டுவதில்லை. ஆனால் எச்சத்தின் அதிர்வலையில் முடுக்கம் பெற்ற புரோட்டான் அருகிலுள்ள வாயு முகிலில் மோதினால் நடுநிலைப் பையான் என்னும் நிலையற்ற துகள் தோன்றி, இரண்டு காமா ஒளியணுக்களாகச் சிதைகிறது. பையானின் நிறை 135 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பதால், நிறமாலை சுமார் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே செங்குத்தாக இறங்க வேண்டும். எலக்ட்ரான்கள் வாயுவில் வேகம் குறையும்போது வெளியிடும் தடைக்கதிர்வீச்சு அப்படி இயல்பாக இறங்குவதில்லை. ஆகவே அந்தச் சரிவு, எச்சத்தில் புரோட்டான்கள் முடுக்கம் பெறுவதற்கான அடையாளம்.

நான் ஐசி 443-ஐ எடுத்துக்கொண்டேன். தரவுக்கு மாதிரியைப் பொருத்திய முதல் முறையிலேயே சரிவு அழகாக வந்தது. அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் கருவியின் கோணப் பரவல், அதாவது ஒரு புள்ளி மூலத்தின் ஒளி வானில் பரவித் தெரியும் அளவு, ஏறத்தாழ 5 பாகை. ஐசி 443-இலிருந்து ஆறு பாகை தொலைவில், வானின் மிகப் பிரகாசமான காமா மூலங்களுள் ஒன்றான ஜெமிங்கா பல்சார் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்) இருக்கிறது. ஜெமிங்காவின் அளவுருக்களை மூலங்களின் அட்டவணையில் உள்ளபடியே நான் நிலைநிறுத்தியிருந்ததால், அதன் ஒளியில் ஒரு பகுதி பின்னணிக்கும் எச்சத்துக்கும் இடையே தவறாகப் பங்கிடப்பட்டிருந்தது. அந்த அளவுருக்களைத் தளர்த்தியதும் சரிவின் வடிவமே மாறியது.

பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். புவியின் வளிமண்டல விளிம்பிலிருந்து வரும் காமா ஒளி கலவாதிருக்க, தலைக்கு மேலுள்ள உச்சியிலிருந்து அளக்கும் உச்சிக் கோணத்தின் வரம்பை 80 பாகையாக இறுக்கினேன். திசை மிகத் தெளிவாகத் தெரியும் கால்பங்கு நிகழ்வுகளை (பதிவான ஒளியணுக்களை) மட்டும் வைத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒளியணுவின் ஆற்றலைக் கருவி தவறாக அளவிடுவதைச் சரிசெய்யும் ஆற்றல் சிதறல் திருத்தம் என்பதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே கருவியின் செயற்பரப்பு (ஒளியணுக்களைப் பிடிக்கும் திறன்) விரைந்து குறைவதால், உயர் ஆற்றல் ஒளியணுக்கள் தாழ்வாக அளவிடப்பட்டு அந்தத் தாழ் ஆற்றல் பட்டைகளுக்குள் வந்து சேர்கின்றன. திருத்தமில்லாமல் அங்கே தெரியும் எந்த வடிவத்தையும் நான் இப்போது ஏற்பதில்லை.

நம் விண்மீன் மண்டலம் முழுவதும் பரவித் தெரியும் பின்னணிக் காமா ஒளியின் மாதிரிகளை மாற்றி மாற்றிப் பொருத்தியபோது, ஒவ்வொரு முறையும் சரிவு நின்றது. அதன் ஆழம் மட்டுமே மாறியது. மிகத் தாழ்ந்த பட்டைக்கு மேல்வரம்பை மட்டும் குறித்து, முடிவை வழிகாட்டியிடம் ஒப்படைத்தேன்.