1943 அம்யூனிஷன் பூட்ஸ்: சரிபார்ப்பும் சீரமைப்பும்

பிரிட்டிஷ் தரைப்படையின் கறுப்பு அம்யூனிஷன் பூட்ஸ். சொரசொரப்பான மேல்தோல், அடியில் ஆணி வரிசை, குதிகாலில் லாடம். உட்புறம், அரசு உடைமையைக் குறிக்கும் அம்பு முத்திரையும் 1943 என்ற ஆண்டும் தெரிகின்றன. அம்பு 'சி' எழுத்துக்குள் இருந்திருந்தால் கனடா நாட்டுப் பூட்ஸ். 'யூ'வுக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா.

1943 என்று உறுதிசெய்ய முத்திரை மட்டும் போதாது. 1950களிலும் ஏறக்குறைய இதே அமைப்பில் தைத்தார்கள். ஆண்டைச் சுரண்டித் திருத்தி விற்பவர்கள் உண்டு. திருத்தியிருந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் சிராய்ந்திருப்பது லென்ஸில் தெரியும். ஆணிகள் அதைவிட நல்ல சாட்சி. பழைய ஆணியைச் சுற்றி, இரும்பும், பதனிடும்போது தோலில் ஏறிய பட்டைச்சாறும் சேர்ந்து கறுப்பு வளையம் ஊறியிருக்கும். அண்மையில் அடித்த ஆணிக்கு அது இராது. தையலில் புறஊதா டார்ச் அடித்தபோது நீலவெண்மையாக ஒளிரவில்லை. ஒளிர்ந்திருந்தால் பிற்கால நூலோ என்று சந்தேகிக்க வேண்டும்.

மேல்தோலில் வெள்ளைப் படிவு. பூஞ்சணமா கொழுப்பா என்று அறிய ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் போதும். உருகி மறைந்தது, ஆகவே கொழுப்பு. முன்பு யாரோ தாராளமாக எண்ணெய் பூசியிருக்கிறார்கள். கயிறு கோக்கும் கண்களில் பச்சைப் பிசுக்கு கட்டியதும் அதனால்தான். காட்சிக்கு வைக்கும் பூட்ஸுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம்: தோல் கறுக்கும், தூசி ஒட்டும், நூல் இற்றுப்போகும். படிவை மென்துணியால் ஒற்றி, பிசுக்கை மூங்கில் குச்சியால் சுரண்டியாயிற்று.

உள்ளடித் தோலில் செம்பொடி உதிர்கிறது. இதில் தண்ணீர் பட்டால் கறுத்து விறைத்துவிடும். பிறகு மீட்க முடியாது. பொடியை இறுக்கிப் பிடிக்க, 100 மி.லி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் 2 கிராம் ஹைட்ராக்ஸிப்ரொப்பைல் செல்லுலோஸ் என்ற பிசின் தூளைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, ஓர் இரவு ஊறவிட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டிதட்டும். பூட்ஸ் நாக்கின் (கயிற்றுக்குக் கீழுள்ள தோல் மடல்) அடியில் சிறு இடத்தில் சோதித்த பிறகு, தூரிகையால் மெல்லிய ஒரு பூச்சு. காய்ந்ததும் விரலில் சிவப்பு ஒட்டவில்லை.

ஆணித் துருவுக்குப் பிளாஸ்டிக் தாளில் துளையிட்டு ஆணித் தலையில் மாட்டித் தோலை மறைத்தபின் பித்தளைத் தூரிகை, அதன்மேல் பாதுகாப்புக்கு மைக்ரோகிரிஸ்டலைன் (நுண்படிக) மெழுகு மிக மெல்லிசாக. இரும்பு பளபளக்கும்வரை தேய்ப்பது தவறு; பழைய நிறமே போய்விடும்.

உள்ளே அமிலமற்ற டிஷ்யூ திணித்து, 45–55% ஈரப்பதத்தில் அட்டைப்பெட்டியில் வைத்தாயிற்று. பாலித்தீன் பை கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சணம் வரும்.

இடது பூட்ஸின் முனையில் நான்கு தையல் விட்டிருக்கிறது. பழைய துளைகளில் ஊசி ஏற்றினால் தோல் கிழியும் என்பதால் அப்படியே விடப்பட்டுள்ளது.