இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் வீட்டுக் காருக்கு எந்த பிரேக் பேட்?

வார நாட்களில் அலுவலகத்துக்கும், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் ஒரே காரை ஓட்டிச் செல்லும் நண்பர்கள், பிரேக் என்றதும் சக்கரத்தோடு சுழலும் பெரிய டிஸ்க்கையும், அதன் மேல் பேட்டை அழுத்தும் சிவப்பு காலிப்பரையும் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் பிரேக் ஆயில், அடுத்து டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட், மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் வெப்பம். 1,100 கிலோ எடையுள்ள கார், சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 150 கிலோஜூல் ஆற்றலை இழக்கிறது. தடத்தில் 150 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறங்கும்போது அதுவே ஏறக்குறைய 750 கிலோஜூல். அதன் பெரும்பகுதியை முன் பிரேக்குகள்தான் வெப்பமாக வாங்கிக்கொள்கின்றன. சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தில், முந்தைய சூடு தணிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

பிரேக் தளரும்போது எது தோற்கிறது என்பதைப் பெடலே சொல்லிவிடும். பெடல் கல்லைப் போல உறுதியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பெடல் மெத்தென்று கீழே இறங்கினால், ஆயில் கொதித்துக் குழாய்களில் ஆவிக் குமிழிகள் உருவாகிவிட்டன; ஆவி அமுங்கும் என்பதால், மிதிக்கும் அழுத்தம் காலிப்பரைச் சென்று சேர்வதில்லை. இரண்டில் இதுதான் அதிக ஆபத்தானது.

பிரேக் ஆயிலின் தர வகைகளில் ஒன்றான டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். இந்த ஆயில் காற்றின் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும் என்பதால், சென்னை போன்ற கடற்கரை ஊரில் பழைய ஆயிலோடு தடத்தில் இறங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பந்தய ஆயில்களும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். சிலிகான் அடிப்படையிலான டாட் 5 ஆயிலை மட்டும் டாட் 4-உடன் கலக்கவே கூடாது.

இனி பேட். காருடன் வரும் பேட் குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கையும் அதிகம் தேய்க்காது. ஆனால் கடும் சூட்டில் தளர்ந்துவிடும். முழுமையான பந்தய பேட் இதற்கு நேர்மாறானது. சூடேறாதவரை அதன் பிடிப்பு குறைவு என்பதால், காலையில் தெருமுனையில் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு முன்னால் அது நம்பத்தக்கதல்ல. ஆகவே ஒரே பேட்தான் என்றால், சாலைக்கும் தடத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட பேட்டை வாங்கி, தடத்தில் சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேட் மாற்றத் தெரிந்தவர்கள் தடத்துக்கெனத் தனி ஜோடி வைத்துக்கொண்டு அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். பேட்டின் மீது அச்சிட்டிருக்கும் எஃப்.எஃப்., ஜி.ஜி. போன்ற எழுத்துகள் உராய்வின் அளவைச் சொல்லுமே தவிர, தடத்தின் சூட்டை அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்லாது. பின்புறம் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக் உள்ள கார்களில் முன் பேட்டை மட்டும் மிகக் கடுமையானதாக மாற்றினால், முன் சக்கரங்கள் சீக்கிரமே பூட்டிக்கொள்ளவோ சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அவசரமாகக் குறுக்கிடவோ நேரும்.

புதிய பேட்டைப் பொருத்தியவுடன், ஆளில்லாத சாலையில் 80-லிருந்து 20 வரை, முழுவதும் நிறுத்தாமல், பல முறை வேகத்தைக் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். அப்போதுதான் பேட்டின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படியும்.

பிரேக் ஆயில் செல்லும் குழாயாக ஸ்டீல் பின்னல் ஹோஸைப் போட்டால், அது பெடலின் உணர்வைத் துல்லியமாக்கும். நிற்கும் தூரத்தை அது குறைக்காது. பெரிய டிஸ்க்கின் பயன், அதிக வெப்பத்தை ஏற்பதுதான். ஒரே ஒருமுறை அழுத்தி நிறுத்தும்போது தூரத்தை முடிவு செய்வது டயர் என்பதால், தேய்ந்த டயரை வைத்துக்கொண்டு காலிப்பருக்குச் செலவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. துளையிட்ட டிஸ்க்குகள் தடத்தின் சூட்டில் துளையோரம் விரிசல் விடக்கூடும். வரிப்பள்ளம் வெட்டியதோ, சாதாரண டிஸ்க்கோ போதும்.

கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி, நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வீடு திரும்பும் முன் பேட்டின் கனத்தைப் பார்த்துவிடுங்கள். தடத்தில் அது தேயும் வேகம் சாலைக் கணக்குக்கு உட்படாது.