மூன்றடி அகலம்

"தூளி போவும் சார், பாடை போவாதே." பெரியவர் சொன்னது இவ்வளவுதான். அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஞாயிறு மதியம். மலை ஊர் ஒன்றில் ஓடைக்குக் குறுக்கே, நடந்து போகத் தொங்கு பாலம் கட்டும் வேலை. தூணுக்குப் பலகை அடைத்து, கம்பிவடம் போகிற நாலு குழாய்களையும் கட்டிவிட்டு, கலவை கொட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு மூங்கில் கோலைக் கொண்டுவந்து இரண்டு ஓரக் குழாய்களின் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் அரைச் சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான், "பாடைக்காகவா ஐயா பாலம் கட்டுறோம், உசுரோட இருக்கிறவங்களுக்குத்தானே" என்றேன். எங்கள் பையன்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார் என்றுதான் நினைவு. அப்புறம், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இல்லையே என்று அந்தக் கோலையே அவர் கையிலிருந்து வாங்கிக் கலவையைக் குத்தினேன்.

ஐப்பசியில் ஊரில் ஒரு சாவு. ஜவ்வாது மலையில் மழை பிடித்திருந்த வாரம். இடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம், அது எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவுமில்லை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தோள் கொடுத்துத் தூக்கும் பாடை மூன்றடி நடைபாதையில் எப்படிப் போகும்? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கிப் போயிருக்கிறார்கள், நாங்கள் கட்டிய பாலத்துக்குப் பக்கத்திலேயே. பிள்ளைகளும் பெண்களும் பாலத்தில் நடந்து போனார்களாம். போனில் சொன்ன பையன் இதைக் குறையாகச் சொல்லவில்லை, பாலம் எவ்வளவு உதவியாக இருந்தது என்று சொல்ல வந்தான்.

கணக்குப்படி நான் செய்தது சரி. 24 மீட்டர் நீளம், நடுவில் 1.2 மீட்டர் தொய்வு, 20 மில்லிமீட்டர் வடம் நான்கு. சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று கூட்டம் நிற்பதாக வைத்து, பாலத்தின் சொந்த எடையையும் சேர்த்தால் மூன்றடிக்கு மொத்த இழுவிசை 25 டன் சொச்சம். நாலடி ஆக்கினால் 33 டன், அறுகிற பலத்துக்கும் இழுக்கிற பலத்துக்கும் நடுவில் நாங்கள் வைத்திருந்த மூன்று மடங்கு கைவசம் நிற்காது. தவிர, நாலடி விட்டால் பைக் ஏறும், மாடு ஏறும். இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் புரிந்துகொள்ளாத ஆளும் இல்லை. நான் சொன்னது ஜோக்.

ஐந்தாவதாக ஒரு வடம் போட்டிருந்தால் நாலடிக்கும் தாங்கியிருக்கும். பணம் இல்லை என்பது பாதி உண்மை. பலகையைப் பிரிக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், ஒரு ஞாயிறு வீணாகும், அது மீதிப் பாதி. காங்கிரீட் இறுக 28 நாள் விட்டோம். வடம் இழுக்கும் முன் அத்தனை நாள் இருந்தும் அந்தக் கோல் எதற்காக வெட்டியது என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை. ஒவ்வொரு வடத்தையும் தேர் வடம் மாதிரி வரிசையாகத் தோளில் போட்டு மலையேற்றியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான், அதில் அவரும் உண்டு.

நாங்கள் ஆரம்பித்ததே கர்நாடகத்துச் சுள்யாவின் கிரீஷ் பரத்வாஜைப் பார்த்துத்தான். 1989இல் பயஸ்வினி ஆற்றில் தொங்கு பாலம் கட்டத் தொடங்கியவர், நூறைத் தாண்டிக் கட்டினார், 2017இல் பத்மஸ்ரீ. அவர் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு வாரக்கடைசியில் கிளம்பிப் போகிற ஆட்கள் நாங்கள். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். இலவசமாகச் செய்கிறோம் என்பதாலேயே யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள், கேட்ட ஒரே ஆளும் ஒரு தடவைதான் கேட்டார்.

ஆனால் பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கி வருகிறார்கள், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர், அது தாராளமாகப் போகிறது. அதை நினைத்துத்தான் மூன்றடி போட்டேன். நிஜமாகவே அதை நினைத்துத்தானா, அல்லது அவர் சொன்ன பிறகு எடுத்துக்கொண்டேனா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாசியில் இன்னொரு ஊரில் அடுத்த பாலம். இந்த முறை இடுகாடு எந்தக் கரையில் என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். ஊர் இருக்கிற கரையிலேயேதானாம். கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. வரைபடத்தில் மூன்றடி என்றே போட்டிருக்கிறேன்.