வலைப்பக்கத்திலிருந்து என் அகராதிக்கு: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3

நான் எழுதிய அகராதிச் செயலி நான்கு ஆண்டுகளாகக் கணிப்பொறியில் தனியாகத்தான் இருக்கிறது. வலைப்பக்கத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் அதை நகலெடுத்து, சாளரம் மாறி, ஒட்டித் தேட வேண்டும். அதற்குள் படித்த வரியே மறந்துபோகிறது. சொல்லைத் தொட்டதும் பொருள் அந்தப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். அதை என் செயலியே தர வேண்டும்.

இன்று செயலிக்கெனத் தனி முகவரி முன்னொட்டு ஒன்றைப் பதிவு செய்து பார்த்தேன். மின்னஞ்சல் சுட்டியை அழுத்தினால் அஞ்சல் செயலி திறக்கிறதே, அதே வழி. சொல் போய்ச் சேர்கிறது, பதில் திரும்பி வரத்தான் பாதையில்லை. கைவிட்டேன்.

மார்ச் 5

செயலிக்குள் ஒரு வெப்சாக்கெட் சர்வர் வைத்தேன். வலைப்பக்கத்தோடு இருபுறமும் பேசத் திறந்த இணைப்பு வைத்து, அழைப்புக்குப் பதில் சொல்லும் நிரல் அது. முகவரி 127.0.0.1, கணிப்பொறி தன்னையே அழைத்துக்கொள்ளும் எண். சொல் போனது, பொருள் வந்தது. அவ்வளவு மகிழ்ச்சி.

மார்ச் 6

அந்த மகிழ்ச்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. வேறொரு தளத்தில் மூன்று வரி நிரலோடு ஒரு வெற்றுப் பக்கம் வைத்து, அதிலிருந்து என் அகராதியை அழைத்தேன். தயங்காமல் பதில் சொன்னது. இதுவரை நான் தேடிய சொற்களின் பட்டியலைக் கேட்டேன், அதையும் கொடுத்தது.

ஒரு தளம் இன்னொரு தளத்தின் பதிலைப் படிக்க விடாமல் உலாவி தடுக்கும் விதி வெப்சாக்கெட்டைக் கட்டுப்படுத்துவதில்லை. அழைப்பது எந்தத் தளம் என்பதை மட்டும் உலாவி சொல்லி அனுப்பும். கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது சர்வரின் பொறுப்பு. நான் கேட்கவே இல்லை. காணொளிச் சந்திப்புச் செயலியான ஜூமைப் பற்றி 2019 ஜூலையில் வெளிவந்த விவகாரமும் இந்த வகைதான். மேக் கணிப்பொறிகளில் அது வைத்திருந்த உள்ளூர் சர்வர், செயலியை நீக்கிய பிறகும் தங்கியிருந்தது. கடைசியில் ஆப்பிளே அதை அகற்ற வேண்டியிருந்தது.

தளத்தைச் சரிபார்க்கும் வரிகளைச் சேர்த்தேன். ஆனாலும் நாள் முழுவதும் திறந்தே கிடக்கும் ஒரு போர்ட்டை, அதாவது அழைப்புகள் நுழையும் வாசலை, இன்னொருவர் கணிப்பொறியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 9

உலாவியில் சேர்க்கும் சிறு நிரலான நீட்சியும் கணிப்பொறியில் உள்ள நிரலும் பேசிக்கொள்ள உலாவியே தரும் வழி நேட்டிவ் மெசேஜிங். அதற்கு மாறிவிட்டேன். இதில் போர்ட்டே கிடையாது. உலாவி நீட்சி கேட்கும்போது உலாவியே என் நிரலைத் தொடங்கி, அதன் உள்ளீடு, வெளியீடு வழியாகப் பேசுகிறது. எந்த நீட்சி பேசலாம் என்பதை ஜேசன் என்ற உரை வடிவில் உள்ள ஒரு கோப்பில் அடையாளத்தோடு எழுத வேண்டும். குரோமில் 'எல்லோரும்' என்று பொதுவாக எழுத இடமில்லை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. விண்டோஸில் அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை, அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சொல்ல வேண்டும்.

மார்ச் 10

நிரல் கிடைக்கவில்லை என்றே நாள் முழுவதும் பிழைச்செய்தி. ரெஜிஸ்ட்ரியில் பெயரை ஓரெழுத்து மாற்றி எழுதியிருந்தேன்.

மார்ச் 12

ஆங்கிலச் சொற்களெல்லாம் ஒழுங்காக வருகின்றன. தமிழில் ஒரு சொல் வந்தால் போதும், இணைப்பு அறுந்துவிடுகிறது. என் மொழிக்காகவே எழுதிய செயலி அந்த மொழியில் ஊமையாகிவிட்டதைப் பார்க்க வேதனையாக இருந்தது.

உலாவியின் பதிவேட்டைத் திறந்தேன். என் நிரல் 237 கோடி பைட் நீளமுள்ள செய்தியை அனுப்ப முயன்றதாம்! நான் அனுப்பியதோ 'வணக்கம்'.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் சொல்ல வேண்டும். வணக்கம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளிகள் தனிக்குறிகள் என்பதால், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் ஒருங்குறியில் ஏழு. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. செய்தி ஜேசன் வடிவில் போவதால் சுற்றி வரும் இரு மேற்கோள் குறிகளோடு 23. நானோ பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணி, ஏழும் இரண்டும் 9 என்று எழுதியிருந்தேன். உலாவி 9 பைட் படித்து, 'க'வின் நடுவில் நிறுத்தி, அடுத்த 4 பைட்டை அடுத்த செய்தியின் நீளமாக எடுத்துக்கொண்டது. அந்தத் துண்டுகள்தாம் 237 கோடி. நிரல் அனுப்பும் ஒரு செய்தி 1 எம்பியைத் தாண்டக்கூடாது என்பதால் இணைப்பைத் துண்டித்துவிட்டது.

ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் தவறு வெளியே தெரியவேயில்லை. இனி எதையும் தமிழில்தான் முதலில் சோதிப்பேன்.

மார்ச் 13

விண்டோஸ் வெளியீட்டை உரை என்று எண்ணி, வரிமுடிவைக் குறிக்கும் 10 என்ற பைட் வரும் இடத்திலெல்லாம் முன்னால் ஒரு 13ஐச் செருகுகிறது. நீளம் 10 ஆக இருந்த செய்தி அதனால் உடைந்தது. பைட்டுகளை மாற்றாமல் அனுப்பும் பைனரி முறைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

மார்ச் 15

ஃபயர்பாக்ஸுக்கும் ஒரு கோப்பு எழுதினேன். தேடிய சொற்களின் பட்டியலைத் தரும் கட்டளையை நீக்கிவிட்டேன். தேர்ந்தெடுத்த சொல்லைத் தவிர வேறெதையும் நீட்சி அனுப்பாது. மாலையில் ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தபோது 'ஞெகிழி' என்ற சொல்லைத் தொட்டேன். அடுத்த வரிக்குக் கண் போவதற்குள் பொருள் வந்துவிட்டது.