மூடின கல்லுக் கிடங்கில் மண்ணரிப்புக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் மண்ணரிப்பா என்று கேட்டுச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். அதில் பிழையில்லை, ஊர் தட்டைதான். ஆனால் காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணக்கல் தோண்டிய இடங்களைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சீமெந்து ஆலை 1990இல் நின்றது. கிடங்குகள் அப்படியே கிடக்கின்றன. அந்தப் பக்கத்தில் தனியார் காணி ஒன்றில் சிறிய கிடங்கொன்றைக் கல்லும் மண்ணும் போட்டு நிரவி, ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டிருந்தார்கள். "தம்பி, மாரிக்கு எவ்வளவு மண் போகும்?" என்று காணிக்கார ஐயா கேட்டார். அப்படித்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

கையில் எடுத்தது ரசில் (RUSLE) எனப்படும் திருத்திய மண்ணிழப்புச் சமன்பாடு. சுரங்க நிலம், கட்டட வேலைத்தலம், மீட்டெடுத்த நிலம் ஆகியவற்றில் அதைப் பயன்படுத்த 1998இல் அமெரிக்காவில் ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறார்கள். மழையின் வேகம், மண்ணின் இளக்கம், சரிவின் நீளம், அதன் செங்குத்து, மூடாக்கு (தரையை மூடி நிற்கும் புல், சருகு, கல்), காப்பு வேலை என்று ஆறையும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க அட்டவணையில் எடுத்த மழை எண்ணை 17.02ஆலும் மண் எண்ணை 0.1317ஆலும் பெருக்கினால்தான் மெற்றிக் கணக்குக்கு வரும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் விடை கோணலாகிப் போகும்.

சரிவை அளக்க மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணி ரியூப்பே போதும். 20 வீதம் வந்தது. 1 வீதச் சரிவுக்குச் செங்குத்துக் காரணி 0.14 அளவில் நிற்க, 20 வீதத்துக்கு அது 2.8. இருபது மடங்கு! தட்டையான ஊரிலும் கிடங்கின் ஓரம் ஏன் வேறு கதை என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

மண் எண்ணில்தான் இழுபறி. வரைபடத்தைப் பார்த்தால் செம்பாட்டு மண். கொட்டியதோ செம்பாடும் மக்கியும் உடைந்த கல்லும் கலந்த கலவை. வரைபடத்தை நம்பாமல், கல்லை அரித்தெடுத்துவிட்டு மிச்சத்தை ஜாம் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தேன். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிவிடும். வண்டல் படிய மணிக்கணக்காகும். களி மறுநாளும் கலங்கியே நிற்கும். மேலே தெரியும் கல்லை மூடாக்குக் கணக்கில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது மழைத்துளியின் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. உள்ளே புதைந்த கல்லு மண் எண்ணைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் கணக்குக் குழம்பும்.

என் பார்வையில் முழு விசயமும் மூடாக்கு எந்த மாதத்தில் இருக்கிறது என்பதில்தான். ரசில் ஆண்டை அரை மாதத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மழை, எவ்வளவு மூடாக்கு என்று பார்க்கும். எங்கள் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். தை மாதத்தில் பச்சைப் பசேலென்று அறுகு நின்றாலும் கணக்குக்குப் பெரிய உதவியில்லை. ஒக்டோபரில் தரை வெறுமையாகக் கிடந்தால் மண் போய்விட்டது. மழையோடு புல் முளைக்கும், விடுங்கோ என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சரிபார்க்க முறுக்குக் கம்பிகளை அடித்து, வாசர் போட்டு, வெளியே தெரியும் நீளத்தைக் குறித்து வைத்தோம். புதிதாக நிரவிய நிலம் தானாகவும் இறங்கும். கம்பி அடிப்பாறையில் குத்தி நின்றால் அந்த இறக்கமும் அரிப்பு மாதிரியே காட்டும். அதனால் கம்பியை நிரப்பு மண்ணுக்குள்ளேயே நிறுத்த வேண்டும்.

ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்றால் ஐயாவுக்குப் பிடிபடவில்லை. ஒரு ஏக்கரில், அதாவது 16 பரப்பில், 1 மில்லிமீற்றர் போனாலே ஒன்றரைக் கியூபுக்கு (ஒரு கியூப் 100 கன அடி) கிட்ட மண் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மண் விலை அவருக்குத் தெரியும். வேலி பிரித்த பழைய கிடுகுகளைச் சரிவில் பரப்பி முளையடிக்க அன்றைக்கே ஆள் சொன்னார். ஒழுங்கைத் தண்ணீர் கிடங்கின் விளிம்பால் ஒரே இடத்தில் விழுந்து அறுக்கும் பள்ளம் மட்டும் மிச்சம். அதை ரசில் கணக்கில் எடுக்காது. அங்கே மேலே வரம்பு கட்டித் தண்ணீரைத் திருப்பத்தான் வேண்டும்.