பார்மட் போடாமல் அப்பாவின் கம்ப்யூட்டரைப் பிழைக்க வைத்த கதை

"எப்பா, சிஸ்டம் மறுபடியும் மக்கர் பண்ணுது" என்று அப்பா போன் செய்தால் பெரும்பாலும் மவுஸ் ஒயர் கழன்றிருக்கும், அல்லது பேரன் ஸ்கிரீனைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பான். போன தீபாவளிக்குக் கோவில்பட்டிக்குப் போனபோது பார்த்தால் இந்தத் தடவை நிஜமாகவே நோவு. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லை, செட்டிங்ஸ் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது, அப்டேட் பாதிவரை போய் "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன்" என்று அரைமணி நேரம் சுற்றுகிறது. என்ன நடந்தது என்று விசாரித்தேன். அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, யாரும் மாற்றவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

நான் வருவதற்கு முன்பே அப்பா பக்கத்துக் கடையில் காட்டியிருக்கிறார். "பார்மட் போட்டுடலாம் சார், ஒரு மணி நேர வேலை, போட்டோ எல்லாம் டி டிரைவ்ல போட்டுத் தந்துடுறேன்" என்று சொல்லியிருக்கிறார்கள், அதாவது சி டிரைவைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. போட்டோவுக்காக யார் அழுதது? அதில் இருக்கும் ஜாதக மென்பொருள்தான் பிரச்சினை. 2014இல் கம்ப்யூட்டர் வாங்கியபோது கூடவே வாங்கியது. ரிட்டயரானதிலிருந்து அப்பா சொந்தக்காரர், தெரிந்தவர் என்று அறுநூறு ஜாதகம்வரை அதில் போட்டு வைத்திருக்கிறார். விற்றவர் கடையை மூடிவிட்டார், சிடி எங்கே என்று தெரியவில்லை. போனில் இலவசமாகக் கிடைக்கிற ஆப்பைக் காட்டினால், திருக்கணிதப் பஞ்சாங்கக் கணக்கு வேண்டாம், வாக்கியப் பஞ்சாங்கம்தான் வேண்டும் என்கிறார். அந்த விவாதத்துக்குள் நான் போவதில்லை.

கடைக்காரர் இன்னொரு யோசனையும் சொன்னாராம். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, பார்மட் ஆனதும் திரும்ப ஒட்டிவிடலாம் என்று. ஒன்றிரண்டு சின்ன மென்பொருளுக்கு இது வேலை செய்யும். மற்றவை அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் குடியிருப்பதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் கொஞ்சம், புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டரில் கொஞ்சம், விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே டிஎல்எல் என்கிற சில துணை ஃபைல்கள் என்று நாலு இடத்தில் வேர் விட்டிருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ரெஜிஸ்ட்ரேஷன். பல பழைய மென்பொருள்கள் சி டிரைவின் சீரியல் எண்ணைப் பார்த்துத்தான் "இது அதே மெஷின்தானா" என்று முடிவு செய்யும். டிரைவைப் பார்மட் செய்யும்போதெல்லாம் அந்த எண் புதிதாக மாறிவிடும். அப்புறம் மென்பொருள் ரெஜிஸ்ட்ரேஷன் கீ கேட்கும்போது யாரிடம் போய் நிற்பது?

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. இந்தக் கம்ப்யூட்டர் வாங்கும்போது அதில் இருந்தது விண்டோஸ் 7. 2015 ஜூலை 29 முதல் ஒரு வருடம் விண்டோஸ் 10ஐ இலவசமாகக் கொடுத்தார்களே, அந்தக் கடைசி மாதங்களில் நான்தான் ஏற்றிவிட்டேன். அன்றைக்கு ஜாதக மென்பொருள் அப்படியேதானே இருந்தது? ஒரு விண்டோஸின் தலைமேல் அடுத்த விண்டோஸை ஏற்றும்போது புரோகிராம்கள் பிழைக்குமென்றால், பத்தின் தலைமேல் அதே பத்தை ஏற்றினால் என்ன? பழுது பார்க்கும் வேலையே அதுதான், இன்பிளேஸ் அப்கிரேட் என்பார்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதையே வேறு மாதிரி செய்வோம். சிடியில் பூட் செய்தால் முதல் திரையிலேயே ஆர் அழுத்தச் சொல்லும், அழுத்தக் கூடாது. அது ரெக்கவரி கன்சோல், கறுப்புத் திரையில் கொண்டுபோய் விட்டுவிடும். என்டர் தட்டி, எஃப்8 தட்டி ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு, பழைய விண்டோஸைக் கண்டுபிடித்துக் காட்டும் இரண்டாவது இடத்தில் ஆர் தட்ட வேண்டும். கல்லூரி ஹாஸ்டலில் இந்த ஒரு வித்தையை வைத்தே எத்தனையோ டீ, பரோட்டா சம்பாதித்திருக்கிறேன். அதற்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து கதை மாறிவிட்டது. இப்போது பென் டிரைவில் பூட் செய்து உள்ளே போனால் புரோகிராம்களைக் காப்பாற்றும் வழி கிடையாது. விண்டோஸ் நொண்டியாவது உள்ளே வரவேண்டும், அதற்குள்ளிருந்து செட்டப்பை ஓட்ட வேண்டும். சேஃப் மோடும் உதவாது. உள்ளேயே வராத கம்ப்யூட்டர் என்றால் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், சிஸ்டம் ரெஸ்டோர் என்று எதையாவது செய்து டெஸ்க்டாப்வரை கொண்டுவந்த பிறகுதான் இது. எங்கள் வீட்டில் டெஸ்க்டாப் வந்தது, அந்த மட்டும் நல்லகாலம்.

எதையும் தொடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தேன். இதைப் பலரும் செய்வதில்லை. டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்தால் அதன்மேல் விண்டோஸ் ஏற்றுவது, கூரை விழப்போகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் மஞ்சள் நிறம் காட்டினாலோ, டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் ரீஅலோகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் என்கிற வரிகளில் எண் ஏறியிருந்தாலோ வேலையை நிறுத்திவிட்டு டேட்டாவை எடுத்துக்கொண்டு புது டிஸ்க் வாங்கப் போக வேண்டியதுதான். எங்களுக்கு நீலம். இருந்தாலும் குளோன்சில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரு வெளி டிஸ்க்கில் இமேஜாக (அச்சு அசல் நகலாக) எடுத்துக்கொண்டேன், மூன்று மணி நேரம் ஆனது. எது சொதப்பினாலும் அதிலிருந்து திரும்ப இறக்கிவிடலாம், சி டிரைவின் சீரியல் எண் உட்பட எல்லாம் பழையபடி வந்துவிடும்.

பெரிய வைத்தியத்துக்கு முன் கைவைத்தியம். எஸ்எஃப்சி ஸ்கேன்னவ் என்ற கட்டளை கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைக் கண்டுபிடித்து நல்லதாக மாற்றிவைக்கும். நல்லதை எங்கிருந்து எடுக்கும்? வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரிலிருந்து, அதுதான் விண்டோஸின் குதிர். குதிருக்குள் இருக்கிற விதைநெல்லையே பூச்சி அரித்திருந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் டிஸ்ம் என்ற இன்னொரு கட்டளை, ரெஸ்டோர்ஹெல்த் என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதை முதலில் ஓட்டிக் குதிருக்குள் இருப்பதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் எஸ்எஃப்சி ஓட்டுவதுதான் சரியான வரிசை, நிறையப் பேர் தலைகீழாகச் செய்துவிட்டுச் சரியாகவில்லை என்கிறார்கள். டிஸ்ம் 62.3 சதவீதத்தில் போய் வெகுநேரம் அசையாமல் நிற்கும், பதறி மூடிவிடாதீர்கள், பெரும்பாலும் தானாக நகரும். எங்கள் வீட்டிலும் நகர்ந்தது, நகர்ந்து கடைசியில் சோர்ஸ் ஃபைல்களே, அதாவது மாற்றிவைக்க நல்ல ஃபைல்களே, கிடைக்கவில்லை என்று கையை விரித்தது.

சரி, இனி ஏற்றத்தான் வேண்டும். என் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து, போன் ஹாட்ஸ்பாட்டில், விண்டோஸ் டிவிடி முழுவதையும் ஒரே ஃபைலாகச் சுருட்டிய, சுமார் ஐந்து ஜிபி ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கினேன். அப்பாவின் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் இரட்டைக் கிளிக் செய்தால் அது ஒரு டிவிடி டிரைவ் மாதிரித் திறக்கும், உள்ளே செட்டப்பை ஓட்டினால் போதும். ஓட்டினேன். எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிற இடத்தில், "ஃபைல்களும் ஆப்களும்" என்ற வரி மங்கலாகக் கிடக்கிறது, கிளிக்கே ஆகவில்லை! ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் ஆங்கிலம். அப்பாவின் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலம், நான் இறக்கியது "இங்கிலிஷ் இன்டர்நேஷனல்". விண்டோஸுக்கு இவை இரண்டும் வேறு வேறு மொழி. மொழி, எடிஷன் (ஹோமா புரோவா), 32 பிட்டா 64 பிட்டா, மூன்றும் அச்சு அசலாகப் பொருந்தினால்தான் அந்த வரிக்கு உயிர் வரும். ஐஎஸ்ஓ இருக்கிற விண்டோஸைவிடப் பழைய வெர்ஷனாகவும் இருக்கக் கூடாது. இன்னொரு ஐந்து ஜிபி. அன்றைய டேட்டா அதோடு காலி.

இரண்டாவது தடவை வரி பளிச்சென்று இருந்தது. ஆன்டிவைரஸை ஏற்கெனவே கழற்றியாயிற்று, பிரின்டர் ஒயரைப் பிடுங்கியாயிற்று, சி டிரைவில் முப்பது ஜிபி காலி செய்தாயிற்று. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக்கொண்டேன், ஒரு தடவை பட்டது போதும். ஏறி முடிக்க இரண்டு மணி நேரம், நடுவில் மூன்று நான்கு முறை தானாக அணைந்து எழுந்தது. ஒவ்வொரு தடவை திரை இருட்டும்போதும் அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை.

டெஸ்க்டாப் வந்ததும் அவரே மவுஸைப் பிடித்து ஜாதக மென்பொருளைத் திறந்தார். கீ கேட்கவில்லை. அறுநூறும் இருந்தது. ஸ்டார்ட் மெனு, செட்டிங்ஸ் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. ஒன்றுமே போகவில்லையா என்றால், போனது: பிரின்டர் டிரைவரைத் திரும்பப் போட வேண்டியிருந்தது, பழைய ரெஸ்டோர் பாயின்ட்கள் காணோம், அப்டேட்கள் மறுபடி முதலிலிருந்து இறங்கின. பழைய விண்டோஸ் முழுதும் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் கிடக்கும். பத்து நாளுக்குள் மனம் மாறினால் பழையதற்கே திரும்பிவிடலாம், அதற்குள் இடம் பிடிக்கிறது என்று அதை அழித்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். செட்டிங்ஸில் "ரீசெட் திஸ் பிசி" என்று ஒன்று இருக்கிறது, "என் ஃபைல்களை வைத்துக்கொள்" என்றுகூட ஆசை காட்டும். அது வைத்துக்கொள்வது ஃபைல்களை மட்டும்தான். நாம் போட்ட புரோகிராம்களையெல்லாம் துடைத்துவிட்டு, துடைத்தவற்றின் பட்டியலை மட்டும் டெஸ்க்டாப்பில் விட்டுவைக்கும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்களை, 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டார்கள், இந்தப் பழைய பிராசஸரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதும் தெரியும். அதனால் இதில் பேங்க் வேலை எதுவும் செய்யக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். ஜாதகம் பார்க்க இன்டர்நெட் எதற்கு என்று ஒயரைக் கழற்றிவிட்டார். ஊரிலிருந்து கிளம்புகிற அன்று காலையில் கடைக்குப் போய் யூபிஎஸ்சுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினேன். அதே பார்மட் கடைதான். "என்ன சார், போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு" என்றேன், எதைப் போட்டேன் என்று சொல்லவில்லை.